மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தல்

தம்பி,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தமும், ஏதோ நினைவு வந்து மறுபடி திறக்கிற சத்தமும் இங்கே கேட்கின்றன. பத்தடி தூரத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்து உன் அம்மா சிரித்துவிட்டாள். "எந்திரிச்சுப் போயி வாயால சொல்ல வேண்டியதுதானே. ரேஷன் கார்டுக்கு மனு எழுதற மாதிரி எழுதிக்கிட்டு." அவள் சொல்வது சரிதான். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் வாத்தியாராகிவிடுகிறேன். நீயும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறாய். முப்பத்து மூன்று வருடம் பேசிப் பேசித் தொண்டை களைத்துவிட்டது. கை அவ்வளவு களைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்பது நாளில் உனக்கு மஸ்கட் விமானம். போவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. எதைத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்பதில்தான் வருத்தம். ஆறு மாதமாக இந்த வீட்டில் நடப்பதை நீ கவனித்தாயா, தெரியவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் நீ சாப்பாட்டை விட்டு எழுந்து வெளியே போய்விடுகிறாய். அம்மா ஒருநாள் அதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இரண்டு விசிலோடு அடுப்பை அணைத்துவிடுகிறாள். ஆறு மாதமாக நாம் மூன்று பேரும் வேகாத பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. ஆனாலும் கணக்கை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். ஐப்பசி மாதம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மதியம் வெடி வைக்கிற நேரம். மேற்பார்வை உன்னுடையது. சங்கு மூன்று முறை ஊதும். ஒவ்வொரு சங்குக்கும் நீ மேட்டில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுத் தூக்கிய கையை இறக்கினால் வெடி. அன்று இரண்டாவது சங்குக்குப் பிறகு, துளை போடும் செல்வராசு மறந்து வைத்த சோற்றுத் தூக்கை எடுக்கத் திரும்பி ஓடினார். மூன்றாவது சங்கு ஊதியது. நீ கையை இறக்கினாய். பறந்து வந்த கல்லில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணை நடந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். உன்மேல் குற்றம் இல்லை என்றார்கள். தவறு அவருடையது என்று ஆகிவிட்டதால், கேட்டில் காவலுக்கு உட்காருகிற வேலைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

விசாரணை முடிந்த மறுநாள் நீ கிணற்றடியில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் துணி காயப்போட வந்தேன். என்னைப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "மூணாவது சங்குக்குத் திரும்புனேன்ப்பா. ஆனா பாக்கல. ஒடம்பு திரும்புச்சு, கண்ணு எங்கியோ இருந்துச்சு. விசாவப் பத்தி நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அதற்கு நான் சொன்ன பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். "இத வேற யாருகிட்டயும் சொல்லாத" என்றேன். ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதன் பிறகு உனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. நான் உன்னைப் பாயில் உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று சொல்லிக்கொடுத்தேன். புத்தர் சொன்ன வழி, எனக்குப் பலித்த வழி என்றேன். நாலு நாள் உட்கார்ந்தாய். ஐந்தாவது நாள் கண்ணைத் திறந்து, "மூச்சப் பாத்தா அவரு காலு வந்துருமாப்பா?" என்று கேட்டாய். அன்றைக்கு நீ பாயைச் சுருட்டி வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்குத்தான். பதிலுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்ட வாத்தியாரை மன்னித்துவிடு.

எனக்குப் பலித்த வழி என்று சொன்னேனே, என்ன நோய்க்குப் பலித்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு வருடம் இருக்கும். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அங்கே போயிருந்தேன். சித்திரை வெயில், தகரக் கூரை, ஆளுக்கு இத்தனை தாள் என்று கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, ஒரு டம்மி நம்பர் மட்டும் இருக்கும். உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட மதிப்பெண்ணை முதல் பக்கத்துக் கட்டத்தில் ஏற்றிக் கூட்ட வேண்டும். கடைசி நாள், கடைசிக் கட்டு, கடைசித் தாள். அதில் ஒரு அடிஷனல் ஷீட் நூல் அவிழ்ந்து தனியாக வந்தது. திருத்தினேன், நூலை மறுபடி கட்டினேன். சரிபார்க்கும் ஆசிரியர் எனக்கு வேண்டியவர். "சார் போட்டா சரியாத்தான் இருக்கும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி ஊரைத் தாண்டியதும்தான் உறைத்தது. அந்த அடிஷனல் ஷீட்டில் போட்ட பதினோரு மதிப்பெண்ணை முதல் பக்கத்தில் ஏற்றினேனா? புரட்டியது நினைவிருக்கிறது. ஏற்றியது நினைவில்லை. மதிய உணவு வேளையில் முதன்மைத் தேர்வாளரோடு ஒரு அற்பச் சண்டை. அந்தச் சண்டையைத்தான் மாலை முழுவதும் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சொல்லியிருக்கலாம். கட்டுகள் அங்கேதான் இருந்தன. சொன்னால் மெமோ வரும். அந்த வருடம் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. நான் போகவில்லை. இவ்வளவுதான் என் தவறு, தம்பி. மறந்ததை விடு, மனிதன் மறப்பான். நினைவு வந்த பிறகும் போகாமல் இருந்தேனே, அதுதான்.

தேர்வு முடிவு வந்த வாரம், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் தோற்றுப்போன ஒரு பெண் அவசரப்பட்டுத் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாள் அவளுடையதுதான் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சாவு வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றேன். பக்கத்தில் நின்றவரிடம் எந்தப் பாடத்தில் போயிற்று என்று கேட்டேன். "கணக்குலதாங்க" என்றார். நான் திருத்தியது அறிவியல். அந்த நொடி எனக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. ஒரு பிள்ளையைத் தூக்கிப்போக மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவளுடைய தாய் மண்ணில் புரள்கிறாள், எனக்கு நிம்மதி. திரும்பும் வழியில் வாய்க்கால் மதகில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாந்தியெடுத்தேன். அதுவரை என் தவறுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தே எனக்குப் பயம்.

அடுத்த வருடம் நீ பத்தாம் வகுப்பு. மாதிரித் தேர்வுத் தாளை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தால் விடையைப் பார்க்க மாட்டேன், கூட்டலைத்தான் பார்ப்பேன். ஒருநாள் ஒரு கணக்கில் அடுத்த பக்கத்துக்கு எண்ணை எடுத்து எழுத மறந்திருந்தாய். அறைந்தேன். உன் உதடு கிழிந்தது. "ஒரு நம்பருக்காவா புள்ளைய இப்படி அடிப்பாங்க?" என்று அம்மா கத்தினாள். ஒரு நம்பருக்காகத்தான். அந்த அடி உனக்கானதில்லை. அது விழ வேண்டிய கன்னம் வேறொருவனுடையது. ஒன்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மாரிமுத்துவை உனக்கு நினைவிருக்கும், எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அங்கே இருந்த காலத்தில் கூடப்பிறந்தவர் ஆற்றில் போய்விட, இவர் புத்தி பேதலித்த மாதிரி அலைந்தாராம். ஒரு பிக்கு கூப்பிட்டு விகாரை முற்றத்தைக் கூட்டச் சொன்னாராம். 'கூட்டு. கூட்டறப்ப கூட்டறோம்னு உனக்குத் தெரியணும்.' வேறு உபதேசம் எதுவும் இல்லையாம். ஒருநாள் செய்முறை வகுப்புக்கு முன்னால் நான் ப்யூரெட் குழாயில் திரவ அளவு பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் மூன்று அளவு வந்தது. சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த மாரிமுத்து திரும்பிப் பார்த்தார். "சார், கண்ணு மேல இருந்து பாக்குதுங்க. குனிஞ்சு பாருங்க" என்றார். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். நீர்மட்டத்துக்கு நேராகக் கண் இல்லையென்றால் அளவு பொய்யாகத்தான் தெரியும். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குழாய் கழுவுவதை நிறுத்தவில்லை. "நடந்தது ஒண்ணு சார். நீங்க மனசுல ஓட்டறது நூறு" என்றார். "வரும். வந்தா, பயம் வந்துருக்குன்னு சொல்லுங்க. நான் பயந்துட்டேன்னு சொல்லாதீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் போகப் போகத் தெரியும். அதும் மட்டத்துக்குக் குனிஞ்சு பாத்தீங்கன்னா, அது எவ்ளோ ஒசரமோ அவ்ளோதான் இருக்கும்." பிறகு கேட்டார்: "சரி, யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொன்னீங்களா?" நான் காதில் விழாதது போல அளவை எழுதினேன். அதற்குள் ஒரு வருடம் ஆகிவிட்டது, விடைத்தாள்களை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாரிமுத்து இரண்டு மருந்து கொடுத்தார், தம்பி. நான் ஒன்றை மட்டும் சாப்பிட்டேன்.

அந்த ஒன்று வேலை செய்தது என்பதும் உண்மை. முதலில் தினமும் மூச்சைக் கவனிக்கப் பாயில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். "புத்தருக்குக் கொறட்டை வருது, ஃபேனப் போடட்டுமா?" என்று அம்மா கேலி செய்வாள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். மாதக்கணக்கில் பழகிய பிறகு ஒன்று தெரிந்தது. நடந்த விஷயம் நெஞ்சில் ஒரு இறுக்கமாக வரும். அதை அப்படியே விட்டால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தளர்ந்து போகும். நான்தான் அதைப் போகவிடாமல், அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் வரைந்து, கல்யாணம் நின்றுபோனதாக, கல் உடைக்கப் போனதாக, ஒரு முழு வாழ்க்கையே எழுதிக்கொண்டிருந்தேன். துக்கத்தில் பெரும்பகுதி என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. அது தெரிந்ததும் பேனா கொஞ்சம் கொஞ்சமாகக் கையிலிருந்து நழுவியது. மாரிமுத்து ஊர் ஏரிக்கரையில் மூக்கு உடைந்த ஒரு புத்தர் சிலை உட்கார்ந்திருக்கிறது. அறுப்புக்குப் போகிறவர்கள் அதன் முழங்காலில் அரிவாள் தீட்டித் தீட்டிப் பள்ளமே விழுந்துவிட்டது. நல்ல கல்லாக இருப்பதால் தீட்டுகிறார்கள், அதன்மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. களைத்துப்போன நாட்களில் நான் அந்த முழங்காலை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் பெரிய பிழை செய்தேன். கருவேல விறகு ஒடிக்கும்போது உள்ளங்கையில் முள் ஏறுகிறது. சிலர் முள் வெளியே வந்த பிறகும் ஊசியால் நோண்டிக்கொண்டே இருப்பார்கள். நான் அந்த ரகம். நோண்டுவதை நிறுத்து என்பதே எனக்குப் போதுமான பாடமாக இருந்தது. உன் கையில் முள் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதை எடுக்காதே, யாரிடமும் காட்டாதே, வலி வந்தால் மூச்சைக் கவனி என்று உனக்குச் சொன்னேன். அது புத்தர் வழி இல்லை, தம்பி. என் பயத்துக்கு நான் காவி உடுத்திவிட்டது. மூச்சைக் கவனிப்பது, ஊசி பிடிக்கிற கை நடுங்காமல் இருப்பதற்கு. முள்ளை எடுக்கிற வேலை அதற்குப் பிறகும் இருக்கிறது. நீ கேட்டது சரியான கேள்வி. மூச்சைப் பார்த்தால் அவர் கால் வராது. அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரும். அவ்வளவுதான் வரும்.

போன செவ்வாய்க்கிழமை பென்ஷன் விஷயமாகப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆகுமா ஆகாதா என்று வண்டி முழுக்கச் சண்டை. இறங்கி முந்திரித் தோப்பு வழியாக விசாரித்துக்கொண்டு நடந்தேன். செல்வராசுவின் மனைவி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அவரு எங்க?"

"வெளிநாடு போறான்மா. அடுத்த வாரம்."

"போவட்டும். காலு இருக்கறவங்க எங்க வேணாலும் போலாம். இங்க வர்றதுக்குத்தான் ஆறு மாசமா பஸ்ஸு கெடைக்கல போலருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏய், வூட்டுக்கு வந்தவர ஒக்காரச் சொல்லாம என்ன பேச்சு? வாங்க சார், உள்ள வாங்க." செல்வராசு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"திரும்பி ஓடுனது என் தப்புதாங்க சார். அத நான் இல்லேங்கல. ஆனா ஒண்ணு. ஓடும்போது மேட்டப் பாத்தேன். தம்பி என் பக்கமா மொகத்தத் திருப்புனாப்ல. சரி, பாத்துட்டாரு, கைய எறக்க மாட்டாருன்னு நம்பித்தான் தூக்க எடுக்கக் குனிஞ்சேன். விசாரணையில இதச் சொன்னேன், எழுதிக்கல. இவளே, நீ கனவு கண்டுருப்பேங்கறா." டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு என்னயப் பாத்தாரா சார்? பாத்துட்டேவா கைய எறக்குனாரு? கூட வேல செஞ்ச மனுசன், ஒரு பீடிய ரெண்டாக் கிள்ளிக் குடுத்துருக்கேன். அது மட்டும் தெரிஞ்சாப் போதும் சார். காலு போனது போனதுதான்."

எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. 'அவன் உங்களைப் பார்க்கவில்லை. திரும்பினான், பார்க்கவில்லை.' அந்த ஒரு வரிக்காக அந்த மனிதர் ஆறு மாதமாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. இது என் மகன் வாயிலிருந்து வர வேண்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மறுபாதி, மெமோவுக்குப் பயந்த அதே பழைய ஆள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்ணை மூடி, 'பயம் வந்திருக்கிறது' என்று சொல்லிப் பார்த்தேன். அது ஒன்றும் போகவில்லை. கூடவே உட்கார்ந்து அரியலூர் வரை வந்தது. அறுபத்து நான்கு வயதில் இவ்வளவுதான் என் முன்னேற்றம்.

நீ மறைப்பதை அவரும் வேறு விதமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் நான் அங்கே கண்டேன். கவனமில்லாமல் செய்தாய் என்பது உனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. வேண்டுமென்று செய்தாயோ என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் உண்மை உனக்கு எவ்வளவு கனமோ, அவருக்கு அவ்வளவு பாரம் இறங்கும். அவரிடம் சொன்னால் அதோடு முடியாது, அதையும் யோசித்துக்கொள். சுரங்க அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அவர்மேல் எழுதிய 'கவனக்குறைவு' அப்போதுதான் அழியும். மஸ்கட் நின்றுபோகலாம். அதைவிடப் பெரியதும் வரலாம். ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் மன்னிப்பார் என்றும் சொல்ல மாட்டேன். அந்த அம்மா நிச்சயம் உன்னைத் திட்டுவார். திட்டட்டும். ஏரிக்கரை முழங்காலை நினைத்துக்கொள்.

நான் தவறு செய்த பிள்ளைக்கு முகம் இல்லை, ஊர் இல்லை. எங்கேயோ இருபத்தைந்து வயதில் இருக்கும். எந்த பஸ் ஏறினாலும் என்னால் அந்த வாசலுக்குப் போய்ச் சேர முடியாது. சாகும்வரை அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் எனக்கு மிச்சம். உனக்கு முகம் இருக்கிறது, வாசல் இருக்கிறது. ஒன்பதரைக்கு அரியலூரிலிருந்து பஸ்ஸும் இருக்கிறது.

சனிக்கிழமை நான் போகிறேன். கிணற்றடியில் உனக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வர வேண்டும் என்று கட்டளையிட மாட்டேன். அப்படிப் போட்ட கட்டளைகளின் பலனைப் பார்த்தாயிற்று. வந்தால் பக்கத்தில் உட்காருவேன், உனக்காகப் பேச மாட்டேன். வராவிட்டால் அவரிடம் என் தவறை மட்டும் சொல்லிவிட்டு வருவேன், அதாவது தெரிந்தும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்ததை. மற்றதை நீ வந்து சொல்லும்வரை அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம். அது நம் இருவருக்கும் வராது. வருவதாக இருந்தால், சனிக்கிழமை காலை அம்மாவிடம் பருப்பை முழுசாக வேகவிடச் சொல். மூன்றாவது விசில் கேட்டதும் நான் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன்.

அப்பா